விற்பனைக் கோப்பிலிருந்து வேண்டியதை மட்டும் எடுக்க: எக்ஸ்பாத் குறித்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பில்லிங் மென்பொருளிலிருந்து மாதக் கடைசியில் தாங்கள் எடுக்கும் எக்ஸ்எம்எல் (ஒவ்வொரு தகவலையும் பெயரிட்ட குறிகளுக்குள் வைக்கும் கோப்பு வகை) விற்பனைக் கோப்பில் கடன் பில்களை மட்டுமோ, 18 விழுக்காடு ஜிஎஸ்டி உள்ள பொருள்களை மட்டுமோ எப்படிப் பிரித்தெடுப்பது என்று பலரும், குறிப்பாகத் தங்கள் கணக்காளர்கள், கேட்டு வருகிறார்கள். கோப்பை எக்செலில் திறந்து வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குவது வீண் உழைப்பு; ஒன்று விடுபட்டாலும் கணக்கு உதைக்கும். மென்பொருளின் தேடல் கட்டத்தில் ஒரு பாதைக் கோவையை, அதாவது வேண்டிய தகவல் இருக்கும் இடத்துக்கு வழி சொல்லும் ஒரு வரியை, எழுதினாலே போதும். அதை எழுதும் முறைக்கு எக்ஸ்பாத் என்று பெயர். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999 நவம்பரில் இதன் முதல் பதிப்பைத் தரமாக அறிவித்தது. பின்னர் 2007, 2014, 2017 ஆண்டுகளில் விரிவான பதிப்புகள் வந்தன என்றாலும், எங்கள் மென்பொருள் முதல் பதிப்பையே பின்பற்றுகிறது. கீழே சொல்பவை அதற்கு உரியவை.

முதலில் கோப்பின் ஒரு பகுதியைப் பாருங்கள். ஒரு மளிகைக் கடையின் பில் இது:

<விற்பனை>
  <பில் எண்="1042" முறை="கடன்">
    <பொருள் வரி="18">
      <பெயர்>சலவைத்தூள்</பெயர்>
      <தொகை>2340</தொகை>
    </பொருள்>
    <பொருள் வரி="5">
      <பெயர்>தேயிலை</பெயர்>
      <தொகை>1860</தொகை>
    </பொருள்>
  </பில்>
</விற்பனை>

விற்பனைக்குள் பில், பில்லுக்குள் பொருள், பொருளுக்குள் பெயரும் தொகையும் என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருப்பதால், வெளியிலிருந்து உள்ளே போகும் வழியைச் சாய்கோடு இட்டுச் சொன்னால் போதும். /விற்பனை/பில்/பொருள் என்று எழுதினால் எல்லாப் பில்களிலும் உள்ள எல்லாப் பொருள்களும் வரும். இடைப்பட்ட படிகளைச் சொல்லாமல் //பொருள் என்றும் எழுதலாம். ஆனால் அது கோப்பு முழுவதையும் துழாவும் என்பதால், ஓராண்டு விற்பனையை ஒரே கோப்பில் வைத்திருப்பவர்கள் முழுப் பாதையையே எழுதுவது நல்லது. வரி, முறை, எண் போலத் தொடக்கக் குறிக்குள்ளேயே இருக்கும் பண்புகளுக்கு முன்னால் @ குறி வர வேண்டும்.

நிபந்தனையைப் பகர அடைப்புக்குள் எழுத வேண்டும். கடன் பில்கள் மட்டும் வேண்டுமானால்:

/விற்பனை/பில்[@முறை="கடன்"]

அடைப்பு எந்தப் படியை ஒட்டி நிற்கிறதோ அந்தப் படியைத்தான் அது சலிக்கும். இதைத் தாங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறோம், ஏனெனில் எங்களுக்கு வரும் ஐயங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. இவ்விரண்டையும் ஒப்பிடுங்கள்:

/விற்பனை/பில்/பொருள்[@வரி="18"]
/விற்பனை/பில்[பொருள்/@வரி="18"]/பொருள்

முதலாவது சலவைத்தூளை மட்டும் தரும். இரண்டாவது, 18 விழுக்காட்டுப் பொருள் ஒன்றாவது உள்ள பில்லைத் தேர்ந்து, அதிலுள்ள எல்லாவற்றையும் தருவதால் தேயிலையும் சேர்ந்து வந்துவிடும். இலக்கணப்படி இரண்டும் சரியே என்பதால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. ஜிஎஸ்டி கணக்குக்கு வேண்டியது முதலாவது.

இதே காரணத்தால்தான் சமமின்மைக் குறியும் ஏமாற்றும். பில்[பொருள்/@வரி!="18"] என்பதை ‘18 விழுக்காட்டுப் பொருள் இல்லாத பில்’ என்று பலர் படிக்கிறார்கள். அதன் கருத்தோ ‘18 அல்லாத பொருள் ஒன்றாவது உள்ள பில்’ என்பதாகும். எனவே மேலே கண்ட 1042ஆம் பில் சமக்குறி இட்டாலும் வரும், சமமின்மைக் குறி இட்டாலும் வரும். முற்றிலும் இல்லாதவற்றைப் பிரிக்க, சமக்குறியிட்ட நிபந்தனையை ‘நாட்’ (not) என்னும் செயற்கூற்றுக்குள் அடக்க வேண்டும். அதன் மாதிரி தேடல் கட்டத்தின் உதவிப் பக்கத்தில் உள்ளது.

அடைப்புக்குள் எண் மட்டும் இருந்தால் அது வரிசையைக் குறிக்கும். //பொருள்[1] என்றால் கோப்பின் முதல் பொருள் அன்று, ஒவ்வொரு பில்லின் முதல் பொருளும் வரும். கோப்பிலேயே முதலாவது வேண்டுமானால் (//பொருள்)[1] என்று எழுத வேண்டும்.

தொகையை ஒப்பிடும்போது, எடுத்துக்காட்டாகப் பொருள்[தொகை > 2000] என்று கேட்கும்போது, கோப்பில் தொகை 2340 என்று இருந்தால்தான் அது எண்ணாகக் கொள்ளப்படும். மென்பொருள் காற்புள்ளி இல்லாமல்தான் எழுதுகிறது. ஆனால் கோப்பை வேறிடத்தில் திறந்து 2,340 என்று மாற்றிச் சேமித்துவிட்டால், எக்ஸ்பாத் அதை எண்ணாகவே ஏற்காது. அந்தப் பொருள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ‘பொருள்’, ‘தொகை’ ஆகியவற்றில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். எக்ஸ்பாத்துக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். சில விசைப்பலகைகள் பிரித்து எழுதுவதால், பெயர்களைத் தட்டச்சு செய்யாமல் கோப்பிலிருந்தே நகலெடுத்து ஒட்டுமாறு வேண்டுகிறோம்.

கோப்பில் இல்லாத பெயரைக் கேட்டால் எக்ஸ்பாத் பிழை என்று சொல்லாது, வெறுமையைத்தான் திருப்பித் தரும். ஆகவே ‘முடிவு எதுவும் இல்லை’ என்று வந்தால், அந்த மாதம் கடன் விற்பனையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பகர அடைப்பை நீக்கிவிட்டு வெறும் பாதையை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வெறுமைதான் என்றால் பெயரில் பிழை. பில்கள் வந்தால் நிபந்தனையில் பிழை இருக்கலாம், அல்லது உண்மையிலேயே கடன் பில் இல்லாமலும் இருக்கலாம்.

தங்கள் தேவைக்கு ஏற்ற கோவையை எழுதித் தர வேண்டுமானால், எது வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதி, ஒரு பில்லின் மாதிரியுடன் சேவைப் பிரிவுக்கு அனுப்புங்கள். வாங்குவோரின் பெயரையும் கைபேசி எண்ணையும் அனுப்புமுன் நீக்கிவிடுங்கள். அவை எங்களுக்குத் தேவையில்லை.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு