தேவை வளைகோட்டைக் கண்ணால் கண்டவர் யார்? இளநிலைப் பொருளாதாரப் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பொருளாதாரக் கோட்பாடுகளைத் தரவைக் கொண்டு அளந்து சோதிக்கும் பொருளாதார அளவையியலை, மாணவர் வழக்கில் சொன்னால் எகனாமெட்ரிக்ஸை, இளநிலை மாணவர்களுக்குப் பதினேழு ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பாடத்திட்டம் திருத்தப்படும்போதெல்லாம் எந்தத் தலைப்பைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதே பேச்சாக இருக்கிறது. என் குறை தலைப்புகளைப் பற்றியதன்று. பொருளாதாரக் கோட்பாடும் அளவையியலும் ஒரே பட்டத்துக்குள் ஒன்றின் முகத்தை மற்றொன்று பாராமல் படிக்கப்படுகின்றன என்பதே நான் முறையிட வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் இறுதியாண்டு மாணவி ஒருவர் ஒரு பண்டத்தின் வாராந்தர விலையும் விற்பனை அளவும் அடங்கிய தரவோடு என்னிடம் வந்தார். அளவைச் சார்ந்த மாறியாகவும் விலையைச் சாரா மாறியாகவும் வைத்துத் புள்ளிகளுக்கு மிக நெருங்கிச் செல்லும் தொடர்புப்போக்குக் கோட்டைக் கணித்திருந்தார். விலையின் கெழு, அதாவது கோட்டின் சரிவு, நேர்க்குறியோடு வந்திருந்தது; அதன் துல்லியமின்மையை அளக்கும் திட்டப்பிழையும் சிறியதாகவே இருந்தது. விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்ற தேவை விதி இந்தப் பண்டத்துக்குப் பொருந்தாது என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்பதுதான் அவர் கேள்வி. அத்தகைய கோட்டைக் கணிக்கும் முறைக்கு அடிப்படையான காஸ்–மார்க்கோவ் தேற்றத்தை ஒரு வரி பிசகாமல் நிறுவக்கூடியவர் அவர். தேவை வளைகோடும் அளிப்பு வளைகோடும் வெட்டிக்கொள்ளும் படத்தை முதலாண்டில் எத்தனையோ முறை வரைந்தவர். ஆயினும், தம் தரவில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அப்படிப்பட்ட ஒரு வெட்டுப்புள்ளிதான், அப்புள்ளிகளின் ஊடே வரையப்படும் கோடு தேவையாகவோ அளிப்பாகவோ இருந்தே தீர வேண்டும் என்பதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அதை நாம் அவருக்கு எந்தப் பருவத்திலும் சொல்லித் தரவில்லை.

அவர் தனித்துச் செய்த பிழையும் அன்று அது. 1914இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மூர், வார்ப்பிரும்பின் விலை, உற்பத்தித் தரவுகளை ஆராய்ந்து, மேல்நோக்கிச் செல்லும் ஒரு ‘புதிய வகை’த் தேவை வளைகோட்டைக் கண்டதாக வெளியிட்டார். மறு ஆண்டே அந்நூலை மதிப்பிட்ட பிலிப் ரைட், மூர் கண்டது தேவையை அன்று என்று சுட்டினார். வணிகச் சுழற்சியின் ஏற்ற இறக்கத்தில் இரும்புக்கான தேவை மேலும் கீழுமாக நகர, அளிப்பு ஏறக்குறைய நின்ற இடத்தில் நின்றால், வெட்டுப்புள்ளிகள் அளிப்பு வளைகோட்டின் மீதுதான் வரிசையாக விழும். 1927இல் இ. ஜே. வொர்க்கிங் இதையே படங்களோடு பொதுமைப்படுத்தினார்: இரண்டும் நகரும்போது நமக்குக் கிடைக்கும் புள்ளிக் கூட்டம் எந்த வளைகோட்டையும் காட்டாது. வழியையும் ரைட்டே காட்டினார். விலங்கு, தாவர எண்ணெய்களின் மீதான இறக்குமதித் தீர்வையைப் பற்றி 1928இல் அவர் எழுதிய நூலின் ஒரு பின்னிணைப்பில், அளிப்பை மட்டும் நகர்த்தித் தேவையைத் தொடாத ஒரு புறக்காரணி கிடைத்தால், அதைக் கொண்டு தேவை வளைகோட்டின் சரிவைக் கணக்கிடலாம் என்று நிறுவினார். இன்று ‘கருவி மாறி’ எனப்படுவது அதுவே. அந்தப் பின்னிணைப்பை எழுதியவர் பிலிப் ரைட்டா, மரபியலறிஞரான அவர் மகன் ஸீவால் ரைட்டா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்து, பிற்காலத்தில் எழுத்து நடையைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டுத் தந்தையே என்று முடிவு கட்டினார்கள். மாணவர்கள் இந்தக் கதையை விரும்பிக் கேட்பார்கள். கதையின் சாக்கில் பாடமும் ஏறிவிடும்.

நம் பாடத்திட்டத்தில் இது எங்கே இருக்கிறது? தேவையும் அளிப்பும் முதல் பருவத்தின் முதல் வாரங்களில். அவற்றைத் தரவிலிருந்து பிரித்தறியும் வகை, ‘உடனிகழ் சமன்பாடுகள்’ என்ற பெயரில், இறுதியாண்டு அளவையியல் தாளின் கடைசி அலகில். நேரம் போதாத ஆண்டுகளில் முதலில் கைவிடப்படுவது அந்த அலகுதான் என்பது உங்களுக்கும் தெரியும். நானும் அதைக் கைவிட்டிருக்கிறேன்.

பொருளாதார அளவையியல் சங்கம் (எகனாமெட்ரிக் சொசைட்டி) 1930இல் நிறுவப்பட்டபோது, பொருளாதாரக் கோட்பாட்டைப் புள்ளியியலோடும் கணிதத்தோடும் இணைப்பதையே தன் நோக்கமாக அறிவித்தது. 1933இல் அதன் இதழைத் தொடங்கிவைத்த ராக்னர் ஃபிரிஷ், இம்மூன்றில் ஒவ்வொன்றும் தேவை, எதுவும் தனியே போதாது, மூன்றும் கூடுவதில்தான் வலிமை இருக்கிறது என்ற கருத்தில் எழுதினார். சேர்த்து வைக்கப் பிறந்த ஒரு துறையை நாம் தாள் எண்களாகப் பிரித்து, வெவ்வேறு ஆண்டுகளில், பெரும்பாலும் தம்முள் பேசிக்கொள்ளாத ஆசிரியர்களிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

இறுதியாண்டுத் தாளின் உள்ளடக்கத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். மல்டிகொலினியாரிட்டி (சாரா மாறிகள் தம்முள் ஒட்டி நகர்வது), ஹெட்டிரோஸ்கெடாஸ்டிசிட்டி (பிழைகளின் பரவல் ஒரே அளவில் இல்லாமை), ஆட்டோகோரிலேஷன் (ஒரு பிழை அடுத்ததோடு தொடர்புற்றிருப்பது) என்று மூன்று நோய்களைப் போலவும், ஒவ்வொன்றுக்கும் காரணம், விளைவு, கண்டறியும் சோதனை, மருந்து என நான்கு தலைப்புகளில் விடை எழுத வேண்டும் என்பது போலவும் பாடம் அமைந்திருக்கிறது. இவற்றில் முதலாவது, போதிய தரவு இல்லை என்பதற்கு மேல் பெரிதாக எதையும் சொல்வதில்லை. இரண்டாவதற்கு, ஹால்பர்ட் ஒயிட் 1980இல் தந்த திருத்திய திட்டப்பிழைகளை மென்பொருளில் ஒரு சொல்லைச் சேர்த்துப் பெற்றுவிடலாம். மாறாக, ஆய்வாளனை உண்மையில் கவிழ்க்கும் பிழைகளான விடுபட்ட மாறி, காரணமும் விளைவும் இடம் மாறி நிற்பது, தாமாகவே தெரிந்தெடுத்துச் சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிடுவது ஆகியவை ஆளுக்கொரு பத்தியோடு முடிந்துவிடுகின்றன. கெழுக்களின் திட்டப்பிழையை நேர் செய்யத் தெரிந்த மாணவருக்கு, அந்தக் கெழு எந்தக் கேள்விக்கு விடை என்பது தெரியாமல் போகிறது.

கணிதத்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்று கருத வேண்டாம். இப்படி எழுதும்போதெல்லாம் அந்த மறுப்பு வருவதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அணிகளும் வேண்டும், நுண்கணிதமும் வேண்டும், நிறுவல்களும் வேண்டும். நிறுவலுக்கு முன்னால் மாணவர் கணினியில் ஒரு முழுமைத்தொகுதியைத் தாமே உருவாக்கி, அதிலிருந்து ஆயிரம் மாதிரிகளை எடுத்து, ஆயிரம் கோடுகளைக் கணித்து, கிடைத்த ஆயிரம் சரிவுகளும் உண்மைச் சரிவைச் சுற்றி எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. சராசரியில் உண்மை மதிப்பையே தரும் தன்மையைக் குறிக்கும் பிறழ்ச்சியின்மை என்ற சொல் தனியொரு விடையைப் பற்றியதன்று, விடை தரும் முறையைப் பற்றியது என்பது அந்த ஒரு பிற்பகலில் விளங்கிவிடும். அதன்பின் நிறுவலைக் கரும்பலகையில் எழுதினால், தாங்கள் ஏற்கெனவே பார்த்த ஒன்றுக்குக் காரணம் சொல்லப்படுகிறது என்று மாணவர் உணர்வார்கள். இதற்கு ஆர், கிரெட்டல் போன்ற இலவச மென்பொருள்களே போதும்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது தரவைக் கையாளும் பயிற்சியை முதலாண்டிலேயே தொடங்குவதை. அதற்குக் கடினமான கணிதம் வேண்டும் என்பது தவறான அச்சம். டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994இல் வெளியிட்ட குறைந்தபட்சக் கூலி ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கூலியின் கீழ்வரம்பை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது; அண்டை மாநிலமான பென்சில்வேனியாவில் அது உயரவில்லை. இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களில், உயர்வுக்கு முன்னும் பின்னும், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று இருவரும் கேட்டறிந்தார்கள். முழுநேரப் பணியாளர் கணக்கில், ஓர் உணவகத்துக்கான சராசரி நியூ ஜெர்சியில் 20.44இலிருந்து 21.03 ஆனது, பென்சில்வேனியாவில் 23.33இலிருந்து 21.17 ஆகக் குறைந்தது. நான்கு சராசரிகள், மூன்று கழித்தல்கள்: ஏறக்குறைய 2.75 பணியாளர் கூடுதல். பள்ளிக் கணிதமே இதற்குப் போதும்.

கணக்கு முடிந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. கூலிக்குக் கீழ்வரம்பு வைத்தால் வேலைவாய்ப்பு குறையும் என்று முதல் பருவத்தில் படம் வரைந்து காட்டிய ஆசிரியரிடமே மாணவர் இந்த எண்ணைக் கொண்டு போகலாம். கூலி கொடுப்போர் சிலரே உள்ள தொழிலாளர் சந்தையில் அந்தப் படம் எப்படி மாறும் என்று கேட்கலாம். நியூ ஜெர்சியில் கூலி உயராதிருந்தால் அங்கும் பென்சில்வேனியாவைப் போலவே குறைந்திருக்கும் என்பதை எதன் மேல் நம்புகிறோம் என்று ஐயுறலாம். நியூமார்க், வாஷர் என்ற பொருளியலாளர் இருவரும் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு இம்முடிவை மறுத்ததையும், கார்டும் குரூகரும் 2000இல் அதற்கு அளித்த விடையையும் அடுத்தடுத்துப் படிக்கலாம். ஒரே ஆய்வு கோட்பாட்டு ஆசிரியரையும் அளவையியல் ஆசிரியரையும் ஒரு மேசையில் உட்கார வைத்துவிடும். எங்கள் துறைக் கூட்டங்கள் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது தேர்வு. மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் பாதி மதிப்பெண்ணையாவது எடுத்து, வெளியான ஓர் ஆய்வின் முடிவைத் திறந்த தரவிலிருந்து மாணவர் மீண்டும் கணித்துக் காட்டும் பணிக்குத் தர வேண்டும். இது மாணவர் வலிமைக்கு மீறியது என்போருக்கு ஓர் எடுத்துக்காட்டு. அரசுக் கடன் நாட்டு உற்பத்தியின் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்று 2010இல் பொருளியலாளர்கள் ரைன்ஹார்ட்டும் ரோகோஃபும் எழுதிய கட்டுரை, பல நாடுகளின் சிக்கன நடவடிக்கை விவாதங்களில் எடுத்தாளப்பட்டது. அதன் எண்களை வகுப்புப் பயிற்சிக்காக மீண்டும் கணிக்க முயன்ற தாமஸ் ஹெர்ண்டன் என்ற முனைவர் பட்ட மாணவருக்கு அவை வரவேயில்லை. ஆசிரியர்களின் விரிதாளைப் பெற்றுப் பார்த்தபோது, சராசரி காணும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. 2013இல் தம் பேராசிரியர்கள் இருவரோடு அவர் வெளியிட்ட திருத்தத்தில், அதிகக் கடன் நிலையின் சராசரி வளர்ச்சி −0.1 விழுக்காட்டிலிருந்து 2.2 விழுக்காடானது. செய்திகள் விரிதாள் பிழையையே பெரிதாக்கின. உண்மையில் அதன் பங்கு சிறியது. சில நாடுகளின் சில ஆண்டுகளைச் சேர்க்காததும், நாடுகளுக்கு எடை அளித்த முறையும்தான் வேறுபாட்டின் பெரும்பகுதி. எடையிடுதல் என்பது கணக்குப் பிழையன்று, ஒரு முடிவு. அதை எடுத்தவர் காரணம் சொல்லியாக வேண்டும். அந்த மாணவர் முனைவர் பட்டப் படிப்பில் இருந்தார் என்பது உண்மைதான். எனினும் அவர் செய்த வேலையில் சராசரியைத் தாண்டிய கணிதம் ஏதுமில்லை.

இதற்கு உள்ள இடர்களை நான் மறைக்கவில்லை. அறுபது பேர் வகுப்பில் அறுபது பணிகளைத் திருத்துவது ஒரே வினாத்தாளைத் திருத்துவதைவிட மும்மடங்கு உழைப்பு. பிறர் எழுதிய நிரலை அப்படியே ஒப்படைப்பவர்களும் இருப்பார்கள். இப்போது அதை இயந்திரமே எழுதித் தந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகளாக நான் ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் உட்கார வைத்து, இந்த வரியை நீக்கினால் என்ன ஆகும், இந்த நாட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டு வருகிறேன். நிரலை எங்கிருந்து பெற்றார் என்பது அதன்பின் பெரிய பொருட்டாக இருப்பதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடங்கள் ஆசிரியரின் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். அதைச் செய்யும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

முழுச் சீரமைப்பு இந்தச் சுற்றில் இயலாது என்று நீங்கள் கருதினால், ஒன்றையாவது செய்யுங்கள்: உடனிகழ் சமன்பாடுகள் என்ற கடைசி அலகை இறுதியாண்டிலிருந்து எடுத்து, அதன் எளிய வடிவத்தை முதல் பருவத்தின் தேவை–அளிப்புப் பாடத்துக்கு அடுத்த வாரத்தில் வையுங்கள். அதற்கான ஆறு வகுப்புகளின் பயிற்சித் தாள்களும் தரவுக் கோப்புகளும் என்னிடம் ஆயத்தமாக உள்ளன. குழு கேட்டால் அனுப்பிவைக்கிறேன். குறைகளைச் சுட்டினால் திருத்தித் தருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பொருளாதார அளவையியல் ஆசிரியன் ஒருவன்