மோரியின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ ஃபான்டெய்ன் மோரியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்த்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். சரக்குக் கப்பலில் இருபத்தெட்டு வருஷம் ஓடியவன் நான். அதில் பல வருஷம் செகண்ட் ஆபீசர், அதாவது கப்பலின் வரைபடங்களுக்கெல்லாம் பொறுப்பானவன். அமெரிக்கர்கள் அச்சிடும் பைலட் சார்ட்டை, அதாவது மாதவாரியாகக் காற்றையும் நீரோட்டத்தையும் காட்டும் கடல் வரைபடத்தை விரித்தால், இது மோரி என்ற லெப்டினன்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்த ஆய்வுகளின் மேல் எழுந்தது என்று அதிலேயே அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் யார் இந்த ஆள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதனால்தான் உங்கள் கட்டுரையில் இரண்டு விஷயங்கள் மனதை உறுத்தின.

முதலாவது, கடலின் நீரோட்டங்களை அவர் "கண்டுபிடித்தார்" என்று எழுதியிருப்பது. அப்படி இல்லை. நீரோட்டங்கள் மாலுமிகளுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான். ஆனால் அவரவர் ஓடிய தடத்தில் அவரவர் பார்த்தது அவரவர் தலைக்குள் இருந்தது, அந்த ஆள் போனால் அறிவும் கூடவே போய்விடும். 1831-இல் மோரி ஃபால்மவுத் என்ற போர்க்கப்பலில் தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிப் போக வேண்டி வந்தபோது, அந்த வழியின் காற்றைப் பற்றியும் ஓட்டத்தைப் பற்றியும் எழுதி வைத்த தகவல் ஏதாவது கிடைக்குமா என்று தேடியிருக்கிறார், உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் வாழ்க்கையின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கட்டுரையில் இது வரவே இல்லை.

அப்புறம் 1839-இல் ஒஹாயோவில் அவர் மேலே உட்கார்ந்து போன குதிரை வண்டி கவிழ்ந்து கால் முறிந்தது, 33 வயதில். கடலோடிக்குக் கால் போனால் வேலை போன மாதிரிதான். 1842-இல் அவரை வாஷிங்டனில் வரைபடங்களும் கருவிகளும் வைக்கும் கடற்படைக் கிடங்குக்குப் பொறுப்பாக உட்கார வைத்தார்கள், பிற்பாடு அதுதான் அமெரிக்கக் கடற்படை வானாய்வகமாக வளர்ந்தது. அந்தக் கிடங்கில் பழைய கப்பல்களின் லாக்புக்குகள், அதாவது பயணக் குறிப்பேடுகள், யாரும் தொடாமல் குவிந்து கிடந்தன. அவற்றில் ஒவ்வொரு நாளும் கப்பல் நின்ற இடம், காற்றின் திசை, கடலின் நிலை எல்லாம் இருக்கின்றன. ஒரு கப்பலின் நாட்குறிப்பாகப் பார்த்தால் அது குப்பை. ஆயிரம் கப்பல்களின் குறிப்புகளை ஒரே வரைபடத்தில், ஒரே இடத்துக்கு, ஒரே மாதத்துக்கு அடுக்கிப் பார்த்தால், அந்த இடத்தில் அந்த மாதம் காற்று எங்கிருந்து அடிக்கும் என்று சொல்லிவிடலாம். மோரி செய்தது இந்த அடுக்கும் வேலையைத்தான்.

1847-இல் வட அட்லாண்டிக்கின் காற்று, நீரோட்ட வரைபடம் வெளிவந்தது. கேப்டன்கள் உடனே நம்பிவிடவில்லை. ரியோ டி ஜெனிரோவுக்குப் போகிறவர்கள் பிரேசிலின் சாவோ ரோக் முனையைத் தாண்ட முடியாமல் காற்று கரைப்பக்கம் தள்ளிவிடும் என்று பயந்து ஆப்பிரிக்கா பக்கமாக ஒதுங்கிச் சுற்றிப் போவதுதான் தலைமுறை வழக்கம். பயப்படாதே, நேராக வா என்றார் மோரி. 1848-இல் பால்டிமோரைச் சேர்ந்த ஜாக்சன் என்ற கேப்டன் தன் கப்பலை அப்படியே செலுத்தி 38 நாளில் ரியோ போய்ச் சேர்ந்தார். வழக்கமாக 55 நாள் ஆகும். பாய்க்கப்பலில் பதினேழு நாள் மிச்சம் என்றால் எத்தனை பேருக்கு எத்தனை நாள் குடிநீரும் உணவும் மிச்சம் என்று கடலில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த நேரம் வேறு, நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எல்லோரும் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. 1851-இல் ஃப்ளையிங் கிளவுட் என்ற கப்பல் அந்தத் தூரத்தை 89 நாளில் ஓடியது. அதற்கு வழி கணித்தவர் கேப்டனின் மனைவி எலியனோர் கிரீசி, மோரியின் வரைபடங்களைப் படித்துத் தேர்ந்தவர். பெண் பிள்ளைகள் இதையெல்லாம் படிக்க வேண்டும், இவருக்கென்றே தனியாக ஒரு கட்டுரை போடுங்கள்.

வரைபடத்துக்கு மோரி கேட்ட விலையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பணம் கேட்கவில்லை. எந்த கேப்டன் தன் பயணத்தின் குறிப்புகளை மோரி கொடுத்த படிவத்தில் நிரப்பி அனுப்புகிறாரோ அவருக்கு வரைபடம் இலவசம். காற்று, நீரோட்டம், காற்றழுத்தம், காற்றின் வெப்பம், கடல்நீரின் வெப்பம் எல்லாம் எழுத வேண்டும். நீரோட்டம் எங்கே இழுத்துப் போகிறது என்று தெரிய, புட்டியில் சீட்டு போட்டுக் கடலில் எறியச் சொன்னார், அப்படி மிதந்து வரும் புட்டி கிடைத்தால் எடுத்த இடத்தையும் நாளையும் குறித்து அனுப்பச் சொன்னார். வியாபாரக் கப்பல், திமிங்கல வேட்டைக் கப்பல் என்று எல்லோரும் எழுதி அனுப்பினார்கள். ராத்திரி வாட்சில் (முறை வைத்துப் பார்க்கும் காவல் வேலையில்), மழையில், ஆடுகிற கப்பலில் நின்று வெப்பமானியைப் பார்த்து எழுதிய பெயர் தெரியாத ஆட்கள் அவர்கள். மோரியின் பெயரைச் சொல்லும்போது இவர்களைச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கதை.

1853-இல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாடுகளின் பிரதிநிதிகளைக் கூட்டி, எந்தக் கொடியில் ஓடும் கப்பலாக இருந்தாலும் வானிலையை ஒரே முறையில் எழுதுவோம் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். நானும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீன்விச் நேரப்படி மேகம், காற்று, அலை எல்லாம் எழுதி அனுப்பியவன்தான். எங்கள் கப்பலில் கடல்நீரை வாளியில் அள்ளித்தான் வெப்பம் பார்ப்போம். கேடட்டாக, அதாவது பயிற்சியில், இருந்தபோது, "முந்தின வாட்சில் இருக்கிறதைப் பார்த்து எழுதிடு, யார் பார்க்கப் போறா?" என்று ஒரு சீனியர் சொன்னார், நானும் இரண்டு மூன்று முறை அப்படியே செய்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பது மோரியைப் படித்த பிறகுதான் உறைத்தது. அன்றைய மாலுமிகள் எழுதி அனுப்பியதைக் கணினியில் ஏற்றி, 'மோரி தொகுப்பு' என்ற பெயரில் இன்றைக்கும் பருவநிலை ஆய்வுக்குப் பயன்படுத்துகிறார்கள். நூற்றெழுபது வருஷத்துக்கு முன் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதற்கு அந்தக் கிறுக்கல்கள்தான் சாட்சி.

இரண்டாவது விஷயம். உங்கள் கட்டுரை பிரஸ்ஸல்ஸ் மாநாட்டோடு நின்று, "1873-இல் காலமானார்" என்று ஒரே தாவலில் முடிந்துவிட்டது. நடுவில் இருபது வருஷம் எங்கே போயிற்று? 1855-இல் கடற்படை வாரியம் ஒன்று மூடிய கதவுக்குள் கூடி, கடலுக்குப் போகத் தகுதியில்லாதவர்கள் பட்டியலில் அவரையும் தள்ளியது. பெரிய அநியாயம் அது, மூன்று வருஷம் போராடிக் கமாண்டர் பதவியோடு திரும்பி வந்தார். அது வரைக்கும் அவர் பக்கம் நிற்கிறேன். ஆனால் 1861 ஏப்ரலில் சொந்த மாநிலமான வர்ஜீனியா அமெரிக்காவிலிருந்து பிரிந்து போனதும், முப்பத்தாறு வருஷம் சம்பளம் வாங்கிய கடற்படையை விட்டு, அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்பில் சேர்ந்தார். மின்சாரத்தால் வெடிக்கும் நீர்க் கண்ணிவெடிகளைச் செய்வதில் முன்னே நின்றார். இங்கிலாந்துக்குப் போய் தெற்குத் தரப்புக்காகக் கப்பல் வாங்கினார். மாநிலப் பாசம் என்று மட்டும் சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் அந்த உள்நாட்டுப் போருக்குப் பத்து வருஷம் முன்பே, தெற்கு முதலாளிகள் தங்கள் அடிமைகளோடு அமேசான் கரைக்குக் குடியேறலாம் என்று எழுதி வந்தவர் அவர். தெற்கு தோற்ற பிறகும் மெக்சிகோவில் பேரரசர் மாக்சிமிலியனிடம் சேர்ந்து தெற்கத்தியர்களை அங்கே குடியேற்றப் பார்த்தார், அது நடக்கவில்லை. 1868-இல் வர்ஜீனியாவுக்குத் திரும்பி ராணுவக் கல்லூரி ஒன்றில் பேராசிரியராக இருந்து இறந்துபோனார்.

வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் 1929-இல் வைத்த அவர் சிலையை 2020 ஜூலையில் இறக்கிவிட்டார்கள். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் அவர் பெயரில் இருந்த கட்டடத்துக்கு 2023-இல் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் பெயர் வைத்தார்கள். அவர் பெயர் தாங்கிய ஆய்வுக் கப்பலுக்கு, கடலடித் தரையை வரைந்த மேரி தார்ப்பின் பெயர் வந்தது. ஏன் எடுத்தார்கள் என்று உங்கள் கட்டுரையை மட்டும் படித்த ஒரு மாணவனுக்குப் புரியவே புரியாது. ஒரு மேதையை அவமதித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பான். நான் அப்படி நினைக்கவில்லை. சிலையை இறக்கியது சரி, சார்ட்டில் பெயர் இருப்பதும் சரி. கடலைப் பற்றி அவர் சேர்த்தது எல்லா நாட்டுக் கப்பலுக்கும் உதவியது, தகவலைக் கூட்டிச் சேர்த்த அவருடைய அதே திறமை மனிதர்களை விலைக்கு விற்கும் ஓர் அரசுக்கும் உழைத்தது, இரண்டும் ஒரே ஆள் செய்ததுதான்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். மலரில் இன்னொரு அரைப் பக்கம் ஒதுக்கி, 1855-இலிருந்து 1873 வரைக்கும் உள்ளதைப் போடுங்கள். முதல் கட்டுரையில் "கண்டுபிடித்தார்" என்பதை "தொகுத்தார்" என்று திருத்திக் கீழே ஒரு வரி சேருங்கள். எழுத ஆள் வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன், சன்மானம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்,
தூத்துக்குடி.