காலி பாட்டில் போதுமே

ஆசிரியர் அவர்களுக்கு,

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் தண்ணீருக்குள் நின்று உடற்பயிற்சி செய்வது நல்லது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாம் சரி. ஆனால் கூடவே போட்டிருந்த படத்தில் தண்ணீரில் மிதக்கிற நுரை டம்பெல், துடுப்பு மாதிரி கையுறை, இடுப்புக்கு பெல்ட் என்று ஒரு கடையே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு 'இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது' என்று எத்தனை பேர் பக்கத்தைப் புரட்டினார்களோ, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 63, கோவையில் அபார்ட்மென்ட் வாசம். எட்டு மாதமாகக் காலையில் எங்கள் நீச்சல் குளத்தில் இறங்குகிறேன். நீச்சல் தெரியாது, மார்பளவுத் தண்ணீரோடு சரி. அந்த ஆழத்தில் உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்குமாம், அதனால் மாடிப்படியில் மக்கர் பண்ணுகிற கால் அங்கே தாராளமாக நடக்கிறது. கைக்கும் வேலை கொடுக்கலாமே என்று முதல் வாரம் இரண்டு ஒரு லிட்டர் பாட்டிலில், வீட்டில் செய்கிற மாதிரியே, தண்ணீர் நிரப்பிக் கொண்டுபோனேன். உள்ளே அமிழ்ந்ததும் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன், "பாட்டி, தண்ணிக்குள்ள தண்ணிக்கு ஏது வெயிட்டு? கொட்டிட்டு மூடுங்க" என்றான்.

கொட்டிவிட்டு மூடினேன். அப்பாடா, அதற்கப்புறம்தான் தெரிந்தது! காலி பாட்டிலை முழுக்க அமுக்கிப் பிடிக்க ஏறக்குறைய ஒரு கிலோ பலம் வேண்டும், இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ. தரையில் தூக்குவதுதான் கஷ்டம், இங்கே அமுக்குவது கஷ்டம், அதனால் மேல் கையின் பின்பக்கம் நன்றாக வலிக்கும். அதிகமாகத் தோன்றினால் பாதி தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், எதிர்ப்பும் பாதியாகிவிடும். குடிதண்ணீர் பாட்டில் நசுங்கிவிடுகிறது, கூல்டிரிங்க்ஸ் பாட்டில் தாங்கும். துணி துவைக்கும் லிக்விட் வருகிற, கைப்பிடி வைத்த பாட்டில் இன்னும் வசதி, ஆனால் நன்றாகக் கழுவுங்கள், நான் ஒருநாள் குளத்தில் நுரை கிளப்பிப் பேச்சு வாங்கினேன். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் மட்டும் வேண்டாம். கை நழுவினால் நேராக மோவாய்க்கு வரும்.

பிளாஸ்டிக் சாப்பாட்டுத் தட்டும் ஆகும். அகலவாட்டில் பிடித்துத் தள்ளினால் தண்ணீர் மறிக்கும், விளிம்பைத் திருப்பினால் கத்தி மாதிரி போய்விடும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதனால் மெதுவாகவே ஆரம்பியுங்கள்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் சுரைப்புருடையை, அதாவது உள்ளே காலியான காய்ந்த சுரைக்காயை, முதுகில் கட்டிக்கொண்டுதான் கிணற்றில் நீச்சல் பழகினார்கள். ஆனால் அதை நினைத்துக்கொண்டு, நீச்சல் தெரியாதவர்கள் பாட்டிலை நம்பி ஆழத்துக்குப் போகக் கூடாது, அது கையை விட்டு ஒரு நொடியில் போய்விடும். தனியாகவும் இறங்காதீர்கள். தோள்பட்டை வலி, நெஞ்சுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது எங்கள் குளத்தில் 'பாட்டில்களுக்கு அனுமதி இல்லை' என்று போர்டு மாட்டிவிட்டார்கள். கண்ணாடி பாட்டிலை மனதில் வைத்து எழுதியதுதான், ஆனால் வாட்ச்மேன் எல்லாவற்றையும் பிடுங்கி வைக்கிறார். சங்கத்தில் கேட்டால், நுரை டம்பெல் வாங்கி வந்தால் ஆட்சேபம் இல்லையாம். அடுத்த கூட்டத்துக்கு இந்தக் கடிதத்தைக் கத்தரித்து எடுத்துப்போகலாம் என்று இருக்கிறேன், கொஞ்சம் சீக்கிரம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவை