கிட்டார் வகுப்புக்கு முன் கம்பியின் உயரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும் நாள்களில் கைப்பேசியைத் திறந்தாலே, ஒரே மாதத்தில் கிட்டார் வாசிக்கலாம் என்னும் விளம்பரங்கள் வந்து விழுகின்றன. அவற்றை நம்பிப் பணம் கட்டவிருக்கும் பெற்றோருக்கு, சென்ற ஆண்டு அதே வழியில் போய்வந்த ஒரு தந்தையாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊரில் கிட்டார் சொல்லித்தர ஆள் இல்லை. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை பாடங்களாக உள்ளன, கிட்டார் இல்லை. ஆகவே ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு நாலாயிரம் ரூபாயில் இணையத்திலேயே ஒரு கிட்டாரை வாங்கி, ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளும் ஒரு பயிற்சித் தளத்திலும் சேர்த்துவிட்டேன். மூன்றாவது வாரத்தில் விரல் நுனிகள் கன்றிப்போக, “என்னால முடியலப்பா” என்று அவள் கருவியை உறையில் போட்டு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். தொடக்கத்தில் விரல் வலிப்பது இயல்பு, சில வாரங்களில் தோல் தடித்துவிடும் என்று பாடத்தில் சொல்லியிருந்ததால், அவளுக்குத்தான் பொறுமை போதவில்லை என்று நானும் கடிந்துகொண்டேன். அது என் தவறு.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், தேவாலயப் பாடற்குழுவில் பல ஆண்டுகளாகக் கிட்டார் வாசிப்பவர், அதை எடுத்துப் பார்த்தார். ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், பன்னிரண்டாவதன் மேல் கம்பிக்கு அடியில் நுழைத்தார். கம்பியில் உரசாமலே போயின, அதற்கு மேலும் இடம் இருந்தது. இரும்புக் கம்பி கிட்டாரில் அந்த இடைவெளி இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டினாலே கம்பியை அழுத்துவது பிள்ளைகளுக்குச் சிரமம் என்றார். அடிப்பாலத்தில் கம்பிகளைத் தாங்கும் வெள்ளைத் துண்டைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் நிதானமாகத் தேய்த்தார். அங்கே இரண்டு மில்லிமீட்டர் தேய்த்தால்தான் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்குமாம். பிறகு மெல்லிய கம்பிகளை மாற்றிக் கொடுத்தார். ஒரு மணி நேர வேலை. அன்று மாலையே என் மகள் ‘ஈ மைனர்’ என்னும் கார்டை, அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் தொகுப்பை, தெளிவாக ஒலிக்க வைத்தாள்.

இணையப் பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நம் வீட்டுக் கருவியைத் தொட்டுப் பார்க்காது என்பதே இதில் நான் கண்டது. சுருதி சேர்ப்பதும் அப்படித்தான். தடித்த ஆறாம் கம்பியின் சுரத்துக்கும் மெல்லிய முதல் கம்பியின் சுரத்துக்கும் பெயர் ‘ஈ’ என்னும் ஒரே எழுத்துதான். இரண்டுக்கும் இடையில் இரண்டு ஸ்தாயி வித்தியாசம். கைப்பேசிச் செயலி எழுத்தை மட்டும் காட்ட, என் மகள் முதல் கம்பியை அடுத்த ஸ்தாயியை நோக்கி முறுக்கிக்கொண்டே போய் அறுத்துவிட்டாள். நேரலை வகுப்பிலோ வேறு சிக்கல்: காணொளி அழைப்புச் செயலிகள் கிட்டாரின் ஒலியை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடுகின்றன. ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி அமைப்பைப் போட்ட பிறகுதான், எங்கள் ஆசிரியருக்கு அவள் வாசிப்பது முழுதாகக் கேட்டது. அதை அவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, எப்படியோ நாங்களே கண்டுபிடித்தோம்.

பாடங்களுக்குப் பணம் கட்டியே ஆகவேண்டும் என்பதுமில்லை. ஆஸ்திரேலியரான ஜஸ்டின் சாண்டர்கோ 2003 முதல் நடத்திவரும் தளத்தில் தொடக்கப் பாடங்கள் வரிசை பிசகாமல் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு கார்டுகளை ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணி எழுதிவைக்கும் அவருடைய பயிற்சி, வீட்டில் நன்றாக வேலை செய்கிறது. முதல் நாள் பதினொன்றில் நின்ற என் மகள் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். ஆனால் அவை ஆங்கிலத்தில் உள்ளவை. தமிழில் நான் தேடிக் கிடைத்தவை பெரும்பாலும் திரைப்பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே ‘எஃப்’, ‘பி மைனர்’ என்று ஒரே விரலால் ஐந்தாறு கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் கார்டுகளுக்குப் போய்விடுகின்றன; அதுவும் முதல் வாரத்திலேயே. இளையராஜாவே தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து பயின்றவர் என்பதை இந்தக் காணொளிகளைத் தயாரிப்போர் அறியாதவர்கள் அல்லர்.

மாவட்ட இசைப் பள்ளிகளில் கிட்டாரைப் பாடமாக்கக் கேட்டால் பணியிடம், நிதி என்று ஆண்டுகள் ஓடிவிடும். அதற்கு முன், மாவட்ட மைய நூலகங்களில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அமர்த்தி, பிள்ளைகள் கொண்டுவரும் கிட்டார்களின் கம்பி உயரத்தையும் சுருதியையும் அவர்கள் கைவைக்கும் முறையையும் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்யுமாறு பொது நூலக இயக்ககத்தை இக்கடிதத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போதும். உப்புத்தாளை நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாத்தூர்.