கேஸ் விஷயமாக, கயலுக்கு

அன்புள்ள கயல்,

அமெரிக்காவில் நீ வேலை செய்யும் சின்னக் கம்பெனி மேல் ஒரு பெரிய கம்பெனி போட்டிருக்கும் வழக்கைப் பற்றிப் போனில் பேசும்போது நீ திரும்பத் திரும்பச் சொன்னது "எங்க பக்கம் நியாயம் இருக்குப்பா" என்பதுதான். இருக்கட்டும். ஆனால் மதுரை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகவே தலை நரைத்தவன் சொல்கிறேன்: பெரிய கம்பெனி சின்னக் கம்பெனி மேல் வழக்குப் போட்டால், நியாயம் யார் பக்கம் என்பது கடைசியில்தான் வரும். அதுவரை உங்கள் முதலாளியின் கையிருப்பு தாங்குமா என்பதைப் பார்.

ப்ளீம் என்று அமெரிக்காவில் ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் கருவிக்கான விளையாட்டுகளைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருளை விற்றார்கள். 1999-இல் சோனி வழக்குப் போட்டது. 2000-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ப்ளீம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2001-இல் ப்ளீம் கடையை மூடிவிட்டது! வக்கீல் செலவே ஆளை முடித்துவிட்டது. அதே தொழில் செய்த கனெக்டிக்ஸும் அதே நீதிமன்றத்தில் சோனியை ஜெயித்தது. பிறகு சோனி அந்த மென்பொருளையே விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது.

நம் ஊரில் தாவாவின் கடைசிப் பாராவில் செலவுத்தொகையும் கேட்போம். கிடைப்பது சொற்பம் என்பது வேறு கதை. அங்கே ஜெயித்தாலும் பொதுவாக வக்கீல் ஃபீஸ் அவரவர் தலையில்தான். விசாரணைக்கு முன்பே 'டிஸ்கவரி' என்று ஒன்று வரும். இரு தரப்பும் மின்னஞ்சல், கோப்பு எல்லாவற்றையும் எதிராளிக்குக் காட்ட வேண்டும், ஆட்கள் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். காசு கரைவது அங்கேதான். பெரியவனுக்கு அது ஒரு துறையின் பட்ஜெட், உங்களுக்கு அடுத்த வருஷச் சம்பளம்.

தோற்றால் என்ன ஆகும் என்றும் கேட்டாயே. ஃபுளோரிடாவில் சைஸ்டார் என்ற கம்பெனி, ஆப்பிளின் இயங்குதளத்தைத் தன் கம்ப்யூட்டர்களில் ஏற்றி விற்றது. 2008 ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. சைஸ்டார்காரர்கள் 'ஆப்பிள் ஏகபோகம் செய்கிறது' என்று எதிர்வழக்குப் போட்டார்கள், சில மாதத்தில் தள்ளுபடி. 2009 மே மாதம் திவால் மனு. மனு போட்டால் வழக்கு தானாக நின்றுவிடும், அதுதான் கணக்கு. ஆப்பிள் திவால் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி வழக்கை மறுபடி நடத்தியது. அந்த நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப், முழு விசாரணைக்கே போகாமல் ஆப்பிளுக்குத் தீர்ப்பளித்தார். "காசு கொடுத்து வாங்கிய பிரதியைத்தானே விற்றோம்" என்ற வாதம் எடுபடவில்லை. மாற்றியமைத்த ஒரு பிரதியிலிருந்து நகல் நகலாக ஏற்றியிருந்தார்கள். டிசம்பரில் ஏறக்குறைய 27 லட்சம் டாலருக்கு உடன்பாடு, கூடவே நிரந்தரத் தடையுத்தரவு. 2011-இல் மேல்முறையீடும் தோற்றது. என்னைக் கேட்டால் அந்தப் பணத்தைவிடத் தடையுத்தரவுதான் பெரிய அடி. விற்கும் பொருளே இல்லாமல் போனால் கம்பெனியில் மிச்சம் என்ன?

இனி உன் விஷயம். பழைய மின்னஞ்சல், சாட் எதையும் அழிக்காதே, சொந்தப் போனில் இருப்பதையும்தான். சங்கடமான வரியை அழித்தவனை நீதிபதி அந்த வரியை எழுதியவனைவிட மோசமாகப் பார்ப்பார். கம்பெனி வக்கீல் சிரித்துப் பேசுவார், ஆனால் அவர் வக்காலத்து கம்பெனிக்கு, உனக்கு இல்லை. வாக்குமூலத்துக்கு உன்னைக் கூப்பிட்டால், எனக்குத் தனி வக்கீல் வேண்டுமா, அதற்கு யார் பணம் கட்டுவார்கள் என்று முதலிலேயே கேள்.

எதிராளியிடமிருந்து உங்களிடம் வந்த அந்தப் பையன் ஏதாவது கோப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தால் அதைத் திறந்துகூடப் பார்க்காதே. கூகுளின் தானியங்கி கார் பிரிவிலிருந்து விலகிய லெவண்டோவ்ஸ்கிக்கு, வர்த்தக ரகசியத் திருட்டுக்காக 2020-இல் 18 மாதச் சிறை விதித்தார்கள். விதித்தவர் அதே ஆல்சப்தான். பிறகு ஜனாதிபதி மன்னிப்பு கிடைத்துத் தப்பினார். அது எல்லாருக்கும் கிடைக்காது.

உன் எச்-1பி வேலை விசாவில் வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம் என்று மாப்பிள்ளை சொன்னார். அதனால் உன் ரெஸ்யூமேயை இந்த வாரமே சரிசெய்து வை. அங்கே வாங்கப்போவதாகச் சொன்ன வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதை மட்டும் தள்ளிப்போடு. அம்மாவிடம் கேஸ் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா