பனிக்குள் ஒரு புகைக்குழாய்

அன்பு நண்பா,

பனி ஊரில் ஹீட்டர் புகையால் ஒரு பெண் இறந்துபோகும் உன் திரைக்கதை கிடைத்தது, இரண்டு முறை படித்தேன். ஊரும் பனியும் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் வீட்டு உரிமையாளரை முதல் காட்சியிலேயே பொறுப்பில்லாதவராகக் காட்டிவிட்டாய். அப்புறம் சாவின் பழியை அவர் தலையில் கட்டுவது பார்ப்பவனுக்கு மிகச் சுலபம்.

கென்னத் லோனர்கனின் 'மான்செஸ்டர் பை த சீ' (2016) படத்தில் வரும் காவல்நிலைய வாக்குமூலத்தை நினைத்துப் பார். ஹீட்டர் ஓடினால் மனைவிக்குத் தலைவலி, வீடோ குளிர்கிறது, நாயகன் லீ கணப்பில் விறகு வைக்கிறான். குடித்திருப்பதால் காரை எடுக்காமல் கடைக்கு நடக்கிறான். கணப்பின் முன் தடுப்புத் திரையை வைத்தோமா என்ற சந்தேகம் பாதி வழியில் வருகிறது. இருந்தும் திரும்பாமல் நடக்கிறான். வீடு தீப்பற்றி அவன் குழந்தைகள் இறந்துபோகிறார்கள். காரை எடுக்கக்கூடாது என்று யோசித்தவன் செய்த தவறு அது. அதனால்தான் நெஞ்சை அறுக்கிறது.

உன் கதையில் ஆளைக் கொல்வது, ஹீட்டரின் புகைக்குழாய் அடைத்தால் வீட்டுக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். யாரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு துடிக்கமாட்டார்கள். தலைவலி, குமட்டல், அசதி. ஃப்ளூ என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். வெளியே போனால் தெளியும், உள்ளே வந்தால் மறுபடி வலிக்கும். அந்தப் பெண் காலையில் கடைக்குப் போய் வரும் காட்சியிலேயே இதை வைத்துவிடு.

தவறை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடு. ஹீட்டர் பழையதாக இருக்கட்டும். புதியவை பெரும்பாலும் குழாய் அடைத்தால் தானே அணைந்துவிடும். சர்வீஸை வீட்டு உரிமையாளர் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுகிறார். பாதையில் பனியை ஒதுக்கும் பையன், அள்ளிய பனியைச் சுவரோரம் புகைக்குழாயின் வாய் மேலேயே குவிக்கிறான். வாயு கசிந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி கீச்சிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று அந்தப் பெண்ணே பேட்டரியைக் கழற்றி இழுப்பறையில் போடுகிறாள். இழுப்பறை மூடும் சத்தம் போதும், குளோசப் வேண்டாம்.

படப்பிடிப்புக்கு: கேமராவின் ஒளி மீட்டர் சொல்வதை அப்படியே வைத்தால் பனி சாம்பல் நிறமாக விழும், ஒளியை ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூட்டு. காலடி படாத பனி ஒரு டேக்குக்குத்தான், வைட் ஷாட்டை முதலில் எடு. கேமராவின் மாற்று பேட்டரிகள் குளிரில் இறங்கிவிடாமல் உள்சட்டைப் பையில் இருக்கட்டும். கேமராவை உள்ளே கொண்டுவருமுன் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடு, இல்லையென்றால் லென்ஸ் வியர்க்கும்.

இன்னொன்று. மூன்றாம் நாளே அடக்கம் என்று எழுதியிருக்கிறாய். மண் இறுகி உறைந்த ஊரில் பனி உருகும்வரை உடலை வைத்திருப்பது உண்டு. லோனர்கன் படத்திலும் லீயின் அண்ணனின் அடக்கம் வசந்தம்வரை தள்ளிப்போகிறது. அந்தக் காத்திருப்பைப் பனி அள்ளிய பையனுக்குக் கொடு. தினமும் அதே பாதையை அவன்தான் ஒதுக்க வேண்டும்.

திருத்தியதும் அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்