ஸ்டூல் போட்டாச்சு, உட்கார விடுங்கள்: ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிகளுக்கு வணக்கம்.

நான் இயன்முறை மருத்துவர். இடுப்பு வலி என்று என்னிடம் வருகிறவர்களில் உங்கள் கடைகளில் வேலை பார்ப்பவர்கள் நிறைய. ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் முடிந்த கையோடு கூட்டம் கூடும். நான் சொல்லித் தருவதெல்லாம் சின்னச் சின்னப் பழக்கங்கள்தான். வீட்டில் செய்துவிடுகிறார்கள், கடையில் செய்ய விடமாட்டார்கள் சார் என்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சட்டம் உங்களுக்குத் தெரிந்ததே. 2018இல் கேரளம் வழிகாட்ட, 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது. பல கடைகளில் ஸ்டூல் வந்துவிட்டது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார், கேமராவில் பார்த்து போன் வருகிறது என்றால் அந்த ஸ்டூல் எதற்கு? ஆய்வாளர் வந்தால் காட்டவா?

சரி, உட்கார்ந்தால் மட்டும் போதுமா? போதாது. மெத்தைமேல் சம்மணமிட்டு நாள் முழுக்கக் குனிந்து பட்டுச்சேலை விரிக்கும் அண்ணன்களுக்கும் அதே வலிதான். எந்த நிலையானாலும் அதிலேயே மணிக்கணக்கில் இருப்பதுதான் முதுகுக்கு ஆகாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, நாலு எட்டு நடந்து, இடுப்பில் கைவைத்து மெல்லப் பின்னால் வளைந்துவிட்டு வந்தால் இறுக்கம் அவ்வளவு ஏறாது. இதற்கு ஒரு நிமிடம் ஆகுமா? கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பெண்களுக்கு, காலடியில் ஒரு சாண் உயரத்துக்கு மரப்பலகை போட்டுக் கொடுங்கள். ஒரு காலை அதன்மேல் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுகாலை மாற்றிக்கொள்ளலாம். இடுப்பின் வளைவு தளர்ந்து பாரம் குறையும்.

அப்புறம் கோடவுன். பண்டலை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முட்டியை மடக்கித் தூக்க வேண்டும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்துவைத்துத் திரும்ப வேண்டும். இதைப் பாடம் போலச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறேன். ஆனால் ஒருவர் ஒருக்களித்து நுழையத்தான் வழி என்கிற அளவுக்குச் சரக்கை அடைத்து வைத்தால் காலை எங்கே வைத்துத் திரும்புவது? அடிக்கடி எடுக்கும் சரக்கு முட்டிக்கு மேலே, தோளுக்குக் கீழே உள்ள ரேக்கில் இருக்கட்டும். கனமான பண்டலைப் பிரித்து இரண்டு நடையாகக் கொண்டுவர அனுமதியுங்கள். கீழே இருந்து ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று கத்தினால் யாருக்கும் முட்டி மடங்காது.

சில முதலாளிகள் நல்ல மனதோடு இடுப்பு பெல்ட் வாங்கித் தருகிறார்கள். வேண்டாம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமான சிகிச்சையாக பெல்ட்டைப் பரிந்துரைக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. உடற்பயிற்சியைத்தான் அது ஆதரிக்கிறது. பெல்ட்டுக்கான காசில் கால்பலகை செய்துவிடலாம்.

வலி என்றதும் ‘ஒரு மாசம் படுத்து ரெஸ்ட் எடு’ என்று அனுப்புவதும் (சம்பளம் இல்லாமல்தான்) உதவாது. சாதாரண இடுப்பு வலியில் படுத்தே கிடந்தால் குணமாவது தள்ளித்தான் போகும். கொஞ்ச நாளைக்குத் தூக்குகிற வேலையை மாற்றி, நடமாடுகிற வேலையாகக் கொடுங்கள். ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் திடீர்ச் சிக்கல் வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது லீவு லெட்டர் கேட்டு நிற்க வைக்காதீர்கள்.

அடுத்த ஆடிக்கு முன்னால் சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்: வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஊழியர்கள் உட்காரலாம், எழலாம், நடக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதையே எழுதி ஊழியர் சாப்பிடும் அறையில் ஒட்டிவிட்டால், சூப்பர்வைசர் மாறினாலும் விதி மாறாது.

இப்படிக்கு,
உங்கள் ஊழியர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒருவன்